பேனா கேட்டவள்

"எதுவானாலும் கூப்பிடுங்கக்கா. நான் மேலதானே இருக்கேன்."

"எனக்கென்ன, கை கால் விளங்காமலா கிடக்கு? நீ உன் வீட்டைப் பாரு."

மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த வாரம், மாடிப்படியில் நடந்த பேச்சு இது. உதவ முன்வந்தவள் சின்னவள், கொழுந்தன் மனைவி. வெடுக்கென்று பதில் சொன்னவள் மூத்தவள். அன்றிலிருந்து சின்னவள் கீழே வந்தாலும் விருந்தாளி மாதிரி வந்து, விருந்தாளி மாதிரியே போனாள்.

இப்போது மூத்தவளுக்கு ஒரு மருத்துவமனையின் உதவி மேசையில் வேலை கிடைத்திருந்தது. ஆங்கிலம் பேச வேண்டிய இடம் என்பதால் முதலில் பயிற்சி. 'ஆஃபர் ஹெல்ப்', 'லெண்ட் எ ஹேண்ட்' என்று உதவ முன்வரும் சொற்களெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. லிஃப்டில் ஒரு பெரியவரிடம் அதைச் சொல்லிப் பார்க்கப் போய், அவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

உதவி கேட்கும் பாடம், 'ஆஸ்க் ஃபார் ஹெல்ப்', வந்தபோதுதான் வண்டி நின்றது. கற்பனை கூடாது, வீட்டில் நிஜமாகத் தேவைப்படும் உதவியைத்தான் கேட்க வேண்டும் என்பது ஆசிரியையின் கண்டிப்பு. ஒருத்தி பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவரக் கேட்டாள். இன்னொருத்தி பரணைச் சுத்தம் செய்ய. மூத்தவள் யோசித்து யோசித்து, பேனா கேட்டாள்.

"பேனா உங்க கையிலேயே இருக்கே," என்றாள் ஆசிரியை. வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள், முகம் மட்டும் சுண்டிப்போயிற்று.

என்ன கேட்க வேண்டுமென்று அவளுக்கா தெரியாது? வேலை காலை ஷிஃப்ட். கணவனும் விடியும் முன்பே பேக்கரிக்குக் கிளம்பிவிடுவான். அந்நேரத்தில் மாமியாரைப் புரட்டிப் படுக்க வைக்க, உடம்பு துடைத்துவிட, ஆள் வேண்டும். வருகிறாயா இல்லையா, நாளைக்குள் சொல் என்று மேலாளர் சொல்லிவிட்டார். தம்பி வீட்டில் நான் பேசட்டுமா என்று கேட்ட கணவனையும் அவள் வாயடைத்துவிட்டாள். வெடுக்கென்று சொன்னது அவள் வாய். கேட்க வேண்டியதும் அதுதான்.

சாயங்காலம் மாடி ஏறினாள். சின்னவள் துவைத்த துணியை உதறிக்கொண்டே நாற்காலியைக் காட்டினாள். மூத்தவள் குழாய் ஒழுகுவதை விசாரித்தாள், பிள்ளையின் இருமலை விசாரித்தாள், சன்னல் திரையின் நிறத்தைக்கூடப் புகழ்ந்தாள்.

"அது வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சுக்கா," என்றாள் சின்னவள். "அதைப் பார்க்கவா மூச்சு வாங்க ஏறி வந்தீங்க?"

மூத்தவள் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"காலையில அத்தையை நீ வந்து பார்த்துக்கணும். என்னால தனியா முடியல. வருவியா?"