பச்சையில் ஒரு முடி

ஜாபேஸ் என் மனைவியின் தம்பி. தூத்துக்குடித் துறைமுகத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே கேங்கில் வேலை. அவன் கப்பலின் அடிவயிற்றில் நின்று, கிரேன் இறக்குகிற கிரானைட் கல்லை வாங்கி வைப்பவன். நான் மேலே விளிம்பில் நின்று கிரேனுக்குக் கை காட்டுபவன். கல்லைப் பார்த்து வேலை செய்கிறவனுக்கு அதற்கு மேலே உள்ள கொக்கியைப் பார்க்க நேரம் இருக்காது. அந்த வேலை என்னுடையது.

அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் கவ்வி மாட்டுகிற குட்டி லென்ஸ் ஒன்றைக் கொண்டுவந்தான். சட்டைப் பித்தானைவிடக் கொஞ்சம் பெரிசு.

"மேக்ரோ லென்ஸ் அத்தான். எறும்பு மூஞ்சியக்கூடப் பாக்கலாம்."

"பாத்து? எறும்பு வீட்டுல பொண்ணு கேக்கப் போறியால?"

"எங்க அக்காவுக்கு மாப்ள பாக்கும்போது இது கையில இல்லாமப் போச்சேன்னுதான் வருத்தம்."

கேங்கில் எல்லாரும் சிரித்தார்கள். அந்த லென்ஸைப் பொருளோடு ஒட்டுகிற மாதிரி வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுக்க வேண்டும். கை லேசாக ஆடினாலும் எல்லாம் கலங்கிவிடும். எறும்புக்கு வெல்டிங்காரன் முகமூடி போல ஒரு முகம். கருவாட்டில் ஒட்டியிருந்த உப்புக்குள் சதுரம் சதுரமாக அறைகள். என் கட்டைவிரல் உழுதுபோட்ட கரிசல் காடு.

பிறகு கொக்கி வரிசைப் பக்கம் போனான். அங்கே ஷாக்கிள்கள் கிடந்தன. கம்பிக் கயிற்றைக் கொக்கியோடு பிணைக்கிற இரும்பு வளையம்தான் ஷாக்கிள். மூன்று மாதத்துக்கு ஒரு நிறம் அதற்கு. பழைய பெயிண்ட்டைச் சுரண்டி, டீசலில் கழுவி, வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் புது நிறம் அடிக்க வேண்டும். இந்த மூன்று மாதம் பச்சை. பச்சையைப் பார்த்துவிட்டால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள், மாட்டித் தூக்குவார்கள்.

இந்த முறை பச்சை அடித்தவன் நான். மறுநாள் அதிகாரி பார்வைக்கு வருகிறார் என்று சூப்பர்வைசர் சிவனணைந்தபெருமாள் அவசரப்படுத்தினார். "கழுவ நேரமில்ல அண்ணாச்சி, பழைய மஞ்சளுக்கு மேலயே அடிச்சு வைங்க." எனக்கும் முதுகு விட்டுப்போயிருந்தது. அடித்தேன். நாற்பது வயதுக்கு மேல் எழுதக் கற்றவன் நான். 'கழுவிப் பார்த்தது' என்று நோட்டில் எழுதியதும் என் கைதான்.

"அத்தான், பெயிண்ட்டப் பாருங்க, ஆரஞ்சுத் தோலு மாதிரி இருக்கு. ஒரு முடி வேற ஒட்டியிருக்கு."

போனை வாங்கிப் பார்த்தேன். முடி என்றால் பெயிண்ட்டின் மேலே கிடக்கும். இது பெயிண்ட்டைப் பிளந்திருந்தது. பிளவின் இரண்டு ஓரத்திலும் துருவின் பழுப்பு.

"முடிதான்" என்றேன்.

வேலை தொடங்குகிற ஹாரன் அடித்தது. போனை என்னிடமே விட்டுவிட்டு அவன் ஏணியில் இறங்கினான். நான் வரிசைக்கு ஓடினேன். எந்த ஷாக்கிளைப் படம் எடுத்தான் என்று கேட்காமல் விட்டிருந்தேன். படத்தில் பச்சையும் கோடும் தவிர வேறு அடையாளம் ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றாகப் புரட்டினேன். என் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன; ஒவ்வொன்றையும் லென்ஸ் வைத்துத் தேட நேரமும் இல்லை. நான்கை ஏற்கெனவே எடுத்து மாட்டிவிட்டார்கள்.

சிவனணைந்தபெருமாளிடம் போனை நீட்டினேன்.

"இதுல எது?"

"தெரியல."

"தெரியாம வேலைய நிறுத்தச் சொல்லுதீரா? பச்சை இருக்குல்லா? போய் கையக் காட்டும்."

போய் நின்றேன். கையையும் காட்டினேன். பதினெட்டு டன் கல் கரையிலிருந்து எழுந்து, கடலைத் தாண்டி, கப்பலின் வாய்க்கு மேலே வந்தது. கம்பிக் கயிறு முனகியது. தினமும் கேட்கிற முனகல்தான். கீழே ஜாபேஸ் கல் உட்காரக் கட்டையைப் போட்டுக்கொண்டு எதையோ முணுமுணுத்துப் பாடினான்.

இரண்டு கைகளையும் அகல விரித்தேன். நிறுத்து என்று அர்த்தம். கல் அப்படியே நின்று மெல்ல ஆடியது. கல் கரையில் இருக்கும்போதே விரித்திருக்கலாம் என்பது அப்போதுதான் உறைத்தது.

"என்ன அத்தான், நின்னுக்கிட்டே தூங்குதீங்களா?" கீழிருந்து சத்தம் வந்தது.

"ஓரமாப் போல!"

"எதுக்கு?"

கிரேன் ஓட்டுகிற மெல்வின் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தான். சிவனணைந்தபெருமாள் ஓடி வந்தார். ஜாபேஸ் அண்ணாந்தபடி, இடுப்பில் கை வைத்து, கல்லுக்கு நேர் கீழே நின்றான். காரணம் தெரியாமல் நகர மாட்டான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

"அது முடி இல்லல! வெடிப்பு! நான் கழுவாமத்தான் பெயிண்ட் அடிச்சேன்! நோட்டுல பொய் எழுதினேன்!"

கப்பலுக்குள் என் குரல் இரண்டு முறை திரும்பி வந்தது. அவன் சிரிப்பு நின்றது. முதுகைச் சுவரோடு ஒட்டி, பக்கவாட்டில் நகர்ந்து ஏணியைப் பிடித்தான். அவன் ஏறி முடிக்கும் வரை கல்லைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. தலை விளிம்புக்கு மேலே வந்ததும், மெல்வினிடம் கல்லைக் கரைக்கே கொண்டுபோகச் சொல்லிக் கை காட்டினேன். அது கரையில் அமர்ந்தது.

ஜாபேஸ் முகம் முழுக்கக் கல்தூசி. என்னைத் தொடவில்லை, திட்டவும் இல்லை.

"எத்தனைக்கு அடிச்சீங்க?"

"ஸ்டோர்ல இருந்தது அம்புட்டுக்கும்."

அவன் திரும்பிப் பார்த்தான். எதிர்க் கரையில் எங்கள் கம்பெனியின் இன்னும் இரண்டு கப்பல்கள் நின்றன. காலையில் இதே ஸ்டோரிலிருந்துதான் அங்கேயும் எடுத்துப் போனார்கள். கொக்கிகள் நிதானமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. கீழே ஆட்கள்.

சிவனணைந்தபெருமாள் போனைக் காதில் வைத்திருந்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? ஜாபேஸ் கப்பலை விட்டு இறங்கி, கரையோரமாகச் சுற்றி அங்கே ஓடத் தொடங்கினான். நானும் கையை அகல விரித்தபடி அவன் பின்னால் ஓடினேன்.