எண்ணாமல் விட்ட போயா

1

இந்தக் கதை எனக்குப் படிக்கட்டில் கிடைத்தது. வெள்ளவத்தையில் நான் குடியிருக்கும் தொடர்மாடியில் லிஃப்ட் பழுது. (போன வருடமும் பழுதுதான். அதை விடுவோம்.) மூன்றாம் மாடிக்கு மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்த என்னை நாலாம் மாடி பைறோஸா மறித்தாள்.

"நீங்க கதை எழுதுற ஆள்தானே? ஒரு சோதினயப் பத்தி எழுதேலுமா?"

சோதனையில் என்ன கதை இருக்கிறது என்று கேட்டேன்.

"ஈக்கி. ஆனா அது என்னண்டு எனக்கே சரியா வெளங்கல்ல. அதாலதான் உங்கள்ட்ட கேக்கிறேன்."

பைறோஸாவுக்கு முப்பத்திரண்டு வயது. வங்கியில் வேலை. கணவன் நுஸ்கி, ஐந்து வயது மகள் பர்ஹா. மூன்று படிகள் கொண்ட ஒரு சர்வதேச நிதிப் பரீட்சையின் இரண்டாம் படியில் இரண்டு தரம் சறுக்கியிருந்தாள். மூன்றாம் தரமும் சறுக்கினால் புத்தகத்தை மூடிவிடுவேன் என்று நுஸ்கியிடம் சொல்லியிருந்தாள். அவன் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். கேட்காமல் கொடுத்த வாக்கைத்தான் மீற முடிவதில்லை.

[இந்தத் தகவலைக் கதையின் நடுவில் மெல்ல அவிழ்க்கலாம் என்று வைத்திருந்தேன். வாசிப்பவர்களைக் காக்க வைப்பது எனக்குப் பிடிக்காது. அவளுக்கு இதுதான் கடைசித் தரம். மனதில் வைத்துக்கொண்டு மேலே வாருங்கள்.]

2

முதல் தொடக்கம்: "வெள்ளவத்தைக் கடலில் மாலைச் சூரியன் மெல்ல—" வேண்டாம். பைறோஸாவின் ஜன்னலில் கடல் தெரியாது. பக்கத்துத் தொடர்மாடியில் காயும் சாரங்கள்தான் தெரியும்.

இரண்டாம் தொடக்கம்: "வட்டிவீதம் ஏறும்போது முறிகளின் விலை இறங்கும் என்பது—" இதோ, நாலு பேர் பக்கத்தைப் புரட்டிவிட்டார்கள்.

மூன்றாவது: ஃபிரிட்ஜ் கதவு. இது சரிவரும்.

பைறோஸா வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு கால அட்டவணை ஒட்டியிருந்தது. இருபத்துநான்கு வாரம், நாலு நிறம். விடியற்காலைத் தொழுகைக்குப் பின் ஒன்றரை மணித்தியாலம் படிப்பு, ரயிலில் இருபது நிமிடம் சூத்திரங்கள், ஞாயிறு முழுநாள். ஓகஸ்ட் கடைசி வாரப் பரீட்சையிலிருந்து பின்னோக்கி எண்ணிப் போட்ட அட்டவணை அது. காய்ச்சல் வருவதற்குக்கூட அதில் ஒரு நாள் ஒதுக்கப்படவில்லை. பர்ஹா ஒரு மூலையில் யானை கீறியிருந்தாள். அந்த யானைக்கு மட்டுந்தான் அதில் கொஞ்சம் இடம் கிடைத்திருந்தது.

(இதைப் பார்த்து நானும் இந்தக் கதைக்கு ஓர் அட்டவணை போட்டேன். ஆறு நாளில் முடிப்பதாகத் திட்டம். அட்டவணைக்குக் கோடு போட்டு நிறம் தீட்டவே நாலு நாள் போய்விட்டது. ஆக, என் கதாநாயகியைவிட நான் மோசம்.)

இந்தத் தரம் பைறோஸா தனியாகப் படிக்கவில்லை. டெனிஷா என்றொரு பிள்ளை கூட்டுச் சேர்ந்திருந்தாள். கொட்டாஞ்சேனைக்காரி, இருபத்தேழு வயது, காப்புறுதிக் கம்பனியில் வேலை. போன தரம் இருவரும் ஒரே மண்டபத்தில் எழுதி, ஒரே நாளில் தோற்று, ஆளுக்கு ஆள் ஆறுதல் சொல்லப்போய்ச் சிநேகிதமானவர்கள். பாடங்களைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். முறிகளும், அதாவது கடன் பத்திரங்களும், கணக்கறிக்கைகளும் பைறோஸாவுக்கு. பங்கு மதிப்பீடும் முதலீட்டுத் தொகுதிகளும் டெனிஷாவுக்கு. அவரவர் தம் பாதியைக் கரைத்துக் குடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றவருக்குச் சொல்லிக்கொடுப்பது. முழுநீள மாதிரிப் பரீட்சை எல்லாம் பிறகு, ஓகஸ்ட் மாத எசல போயா என்ற பௌர்ணமி விடுமுறையில்தான்.

பாதிநேரத்தில் முழுப் பாடம். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள்!

3

டெனிஷாவை முதல் வரைவில் ஒரு பயந்த சுபாவக்காரியாக எழுதியிருந்தேன். பைறோஸா அதை வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "டெனிஷாவா பயம்? பஸ் கண்டக்டர் அவள்ட்ட பயம்!" பிறகு நேரில் கண்டேன். குரல் முதலில் வரும், ஆள் பின்னால் வருவாள். முறிகளைப் பற்றிக் கேட்டதற்கு, "அக்கா சொல்லித் தரேக்க தேன் மாதிரி இருக்கும் அங்கிள். ஒரு இடத்திலயும் முட்டாது," என்றாள்.

ஒரு இடத்திலும் முட்டாததுதான் சிக்கல் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

இனி போயா. வருடத்துக்கு எத்தனை போயா என்று கேட்டால் கொழும்பில் எவரும் கண்ணை மூடிக்கொண்டு பன்னிரண்டு என்பார்கள், மாதத்துக்கு ஒன்று. பைறோஸாவும் மார்ச் மாதத்தில் அட்டவணை போடும்போது அப்படித்தான் எண்ணினாள். ஆனால் சில வருடங்களில் ஒரு போயா கூடுதலாக வரும். அதற்கு 'அதி' என்று முன்னால் போட்டு ஒரு பெயரும் உண்டு. பிறை பார்த்துப் பெருநாள் எடுக்கும் வீட்டில் பிறந்தவள் பௌர்ணமியைக் கோட்டை விட்டுவிட்டாள்.

ஜூலை தொடங்கி ஒன்றிரண்டு நாள்தான். நுஸ்கி கலண்டரைப் பார்த்துவிட்டு, "நாளைக்கி லீவு, தெரியுமா?" என்றான்.

"என்ன லீவு?"

"அதி எசல போயா."

பைறோஸா ஓடிப்போய் ஃபிரிட்ஜைப் பார்த்தாள். அட்டவணையில் அப்படி ஒரு விடுமுறையே இல்லை. வேலைநாள், விடியற்காலை ஒன்றரை மணித்தியாலம் என்றுதான் அந்தக் கட்டம் சொன்னது. தெருவில் நூறு ரூபாய் கண்டெடுத்த சந்தோசம் அவளுக்கு. உடனே டெனிஷாவுக்கு அழைத்தாள். "சும்மாதானே ஈக்கிற? வா, ஒரு பேப்பர் செஞ்சி பாப்பம். பகிடிக்கு."

4

பகிடிக்குத்தான், விளையாட்டாகத்தான் செய்தார்கள். நுஸ்கி பர்ஹாவைக் கூட்டிக்கொண்டு கிருலப்பனையில் இருக்கும் தாத்தா வீட்டுக்குப் போனான்.* சாப்பாட்டு மேசையின் இரு முனைகளில் இருவரும் உட்கார்ந்து நாலரை மணித்தியாலம் எழுதினார்கள். பிறகு கொத்து ரொட்டி வரவழைத்துச் சாப்பிட்டுக்கொண்டே திருத்தினார்கள்.

[* இந்தியாவில் வாசிப்பவர்களுக்கு: தாத்தா என்றால் இங்கே முஸ்லிம் வீடுகளில் அக்கா. நுஸ்கியின் அக்காவை நீங்கள் கிழவராக்கிவிடக் கூடாது.]

பைறோஸா தன் பாதியில் எழுபத்தெட்டு வீதம். டெனிஷாவின் பாதியில் முப்பத்தாறு.

டெனிஷா தன் பாதியில் எண்பத்தொன்று. பைறோஸாவின் பாதியில் முப்பத்திநாலு.

இரண்டு தரம் கூட்டிப் பார்த்தார்கள். எண்கள் மாறவில்லை.

"எனக்கு எல்லாம் விளங்கினது அக்கா," என்றாள் டெனிஷா. முதல் தடவையாக அவள் குரல் தணிந்திருந்தது. "நீங்க சொல்லேக்க எல்லாம் விளங்கினது."

"எனக்கும் அப்படித்தான் ஈந்திச்சி."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே ஏடு எழுதியவள் ஒருத்தி, சுரைக்காயைப் பார்த்துத் தலையாட்டியவள் இன்னொருத்தி. மற்றவள் கணக்குப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஞாயிறுகளையெல்லாம் தாங்கள் படித்த ஞாயிறுகள் என்று இருவரும் நம்பியிருந்தார்கள்.

டெனிஷாதான் முதலில் சிரித்தாள். "ரெண்டு பேரையும் ஒட்டினா ஒரு பாஸ் வரும்." பைறோஸாவும் சிரித்தாள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. பரீட்சைக்கு ஏழு வாரமே இருந்தது. இந்த இலவச போயா வராதிருந்தால் இது தெரியவரும்போது மூன்று வாரந்தான் மிஞ்சியிருக்கும்.

5

இங்கேதான் எனக்குப் பேனா ஓடவில்லை. கதாபாத்திரம் ஒரு முடிவெடுக்க வேண்டும்.

முடிவு அ: பைறோஸா விலகிவிடுகிறாள். ஏழு வாரமும் அவளுக்கே. டெனிஷாவுக்கு இளம் வயது, கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை, இன்னும் எத்தனை தரமும் எழுதலாம். நியாயமான முடிவுதான்.

முடிவு ஆ: பெருந்தன்மை கொண்ட பைறோஸா, "உன்னை விட்டுப் போக மாட்டேன்" என்று கண்கலங்கி—

இதை எழுதி அனுப்பியபோது அவளிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்தது. அப்படியே தருகிறேன்.

"நான் அழவுமில்ல, ஒண்ணுமில்ல. அண்டக்கி ராவு முழுக்க நெனச்சது, இவள எப்படிக் கழட்டி உடுறண்டுதான். அதயும் எழுதுங்க. பிறகுதான் யோசிச்சன், தனிய படிச்சி ரெண்டு தரம் என்னத்த கிழிச்சேன்? வீட்ல ஒராள் முன்னுக்கு குந்திட்டு ஈந்தா நான் ஃபோன எடுக்க மாட்டேன். அவ்வளவுதான். நல்லவளாக்கி வெக்காதீங்க."

ஆகவே எழுதிவிட்டேன்.

ஃபிரிட்ஜ் கதவிலிருந்து பழைய அட்டவணை இறங்கியது. புதியதில் ஒரே நிறம். பாதிகளை மாற்றிக்கொண்டார்கள். முறிகள் டெனிஷாவுக்கு, பங்குகள் பைறோஸாவுக்கு. ஒரு மணித்தியாலம் கணக்கு, மறுநாள் அதே கணக்கு, மூன்றாம் நாள் பார்க்காமல், ஒரு வாரம் ஆறப்போட்டு மறுபடியும். சட்டம் ஒன்றுதான்: யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கக் கூடாது.

6

ஜூலை நடுவில் ஒரு ஞாயிறு. டெனிஷா ஒரு முறிக் கணக்கில் மாட்டிக்கொண்டாள். பைறோஸாவுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்தே தெரிந்தது, மூன்றாம் வரியில் தவறான ஆண்டின் வட்டிவீதத்தை எடுத்துவிட்டாள் என்று. தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய கணக்கு.

டெனிஷா நிமிர்ந்து பார்த்தாள். பைறோஸா தன் தாளைப் பார்த்தாள்.

"அக்கா, ஒரு சொல்லு."

பைறோஸா தன் தாளில் அடுத்த கேள்வியைத் தொடங்கினாள்.

"சரியா பிழையா எண்டாவது சொல்லுங்கோ!"

பைறோஸா எழுந்துபோய்க் கேத்தலை அடுப்பில் வைத்தாள். திரும்பிப் பார்க்காமலே நின்றாள். பின்னால் பென்சில் மேசையில் விழும் சத்தம் கேட்டது. கதிரை பின்னால் தள்ளுப்பட்டது. "உங்களுக்கென்ன, உங்களுக்குத் தெரியும்!" என்று டெனிஷா கத்தினாள். பல்கனிக்குப் போனாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழித்தாள், மறுபடி எழுதினாள்.

பதினாலு நிமிடம். நான் இட்டுக்கட்டவில்லை, பைறோஸா மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள். உம்மாவாகி ஐந்து வருடத்தில் பர்ஹா விழுந்தபோதுகூட இவ்வளவு நேரம் தூக்காமல் இருந்ததில்லை என்றாள் என்னிடம். சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியது. அதை எழுத வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

"ஆ... வருசம்!" என்றாள் டெனிஷா. பிறகு மெல்ல, "பிளேன்டீ எனக்கும் ஊத்துங்கோ."

7

ஓகஸ்டில் பரீட்சை எழுதினார்கள். எப்படி எழுதினாய் என்று ஒருவரை ஒருவர் கேட்கவில்லை. பெறுபேறு ஒக்டோபரில், மின்னஞ்சலில்.

என் குறிப்பேட்டில் நாலு கட்டம் வைத்திருக்கிறேன். இருவரும் பாஸ். இருவரும் ஃபெயில். பைறோஸா மட்டும். டெனிஷா மட்டும். எந்தக் கட்டத்துக்கு அதிகம் பயந்தாய் என்று பைறோஸாவைக் கேட்டேன். "கடைசிக் கட்டத்துக்கு," என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. டெனிஷாவைத் தனியாகக் கேட்டபோது, "அக்கா மட்டும் பாஸ் எண்டா நான் சந்தோசப்படுவன் அங்கிள். ஒரு நாள் கழிச்சு," என்றாள். இவர்களை நல்லவர்களாக்க நான் ஏன் மெனக்கெட்டேன் என்று தெரியவில்லை.

அந்த மாலை பைறோஸா வேலை முடிந்து வந்து, கைப்பையைக்கூட இறக்கவில்லை. தொலைபேசி சிணுங்கியது. மின்னஞ்சல் வந்துவிட்டது. திறக்க விரல் போனது. அதற்குள் டெனிஷாவின் அழைப்பு.

"அக்கா..." என்றாள் டெனிஷா. பிறகு பெரிய மூச்சுகள் மட்டும் வந்தன.

மாதக்கணக்கில் அந்தக் குரலைக் கேட்டவள் பைறோஸா. ஒரே சொல்லில் அவளுக்கு விளங்கிவிட்டது. உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை.

"ஒண்ணும் சொல்லாத. ஊட்லயே ஈ. நான் வாறேன்," என்றாள்.

"உங்கட ரிசல்ட்?"

"இன்னம் பாக்கல்ல."

"பாத்திட்டு வாங்கோவன்!"

பைறோஸா தொலைபேசியைக் கைப்பைக்குள் போட்டு ஸிப்பை இழுத்தாள். பர்ஹாவை நுஸ்கியிடம் விட்டாள். மூன்றாம் மாடியில் என்னைக் கடந்து படியிறங்கிப் போனாள். என்ன ரிசல்ட் என்று நான் கேட்டேன், அவள் நிற்கவில்லை.

நாலு கட்டமும் உங்கள் கையில். எதில் வேண்டுமானாலும் புள்ளடி போடுங்கள். அணைத்துக் குதிக்கப் போகிறாளோ, அழுபவளின் பக்கத்தில் உட்காரப் போகிறாளோ, கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஒன்றுதான். அவள் ஏறிவிட்டாள். கைப்பையை இன்னும் திறக்கவில்லை.