உள்தாழ்ப்பாள்

சாவி திரும்பியது, இரும்புக் கதவு அசையவில்லை. நாலு வயது மகள் விஸால் உள்தாழ்ப்பாளையும் போட்டிருந்தாள்.

"திறடி, நான்தான்" என்றாள் நவாரா. கையில் ரொட்டி.

"கூடாது."

"உன் யம்மாடி நான்!"

"தெரியும். யார் கூப்பிட்டாலும், உன் குரல்ல கூப்பிட்டாலும் திறக்கக் கூடாதுன்னு நீதான சொன்னே?"

திருட்டுப் பயத்தில் சொல்லிவைத்தவள் அவளேதான். புத்திசாலித்தனம்!

"யம்மா, தலை வலிக்குது. தம்பிய எழுப்பினா எழுந்திரிக்க மாட்டேங்குறான்."

நவாரா ரொட்டியைக் கீழே போட்டாள். குளிருக்காக எரியவிட்டுப் போன கேஸ் ஹீட்டர்! போன குளிரில் எதிர்வீட்டுக் குடும்பம் மொத்தமும் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தது அந்த வாசனையில்லாத விஷக்காற்றில்தான். செத்தீஃப் நகரம் முழுக்க அழுதது.

"இப்போ திறக்கலாம் தங்கம். யம்மா சொல்றேன்ல, திறக்கலாம்!"

"அப்புறமா திறக்கலாம். இப்போ தூங்கலாமா?"

"கூடாது! தூங்கக் கூடாது! திறக்கணும், இப்பவே திறக்கணும்!" கதவை அறைந்தாள். மாடிப்படியெங்கும் கேட்கும்படி ஆட்களைக் கூவி அழைத்தாள்.

அந்த 'ணும்'முக்குத்தான் பிள்ளை அடங்கினாள். உள்ளே கால்கள் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தன. தாழ்ப்பாள் லேசாகக் கிணுங்கியது, நின்றது.

"இழு கண்ணு, இழு!"

"இழுக்கறேன் யம்மா" என்றது கதவின் அடியிலிருந்து ஒரு குரல். "முடியல."