அத்தைக்கு எழுதிய மூன்றாவது தாள்

செய்னி எழுதி அனுப்பிய தாளைக் கலோ திருப்பிக் கொண்டுவந்து, அவள் உரித்துக்கொண்டிருந்த சேப்பங்கிழங்குக் குவியலின் மேல் போட்டாள்.

"எங்கம்மா கேக்குது, 'பொதுவாகக் கருதப்படுகிறது'ன்னு எழுதியிருக்கியே, யாருடி கருதுறது?"

செய்னிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா பிலிமோனே நேற்று விடியற்காலையில் போய்விட்டார். முன்னறையில் பாய்களின் மேல் கிடத்தியிருக்கிறார்கள். தலைமாட்டில் அவருடைய அக்கா, கலோவின் அம்மா லெசியேலி. பெற்ற மகளுக்கு அந்த அறைக்குள் இடமில்லை. துக்கத்துக்கு அடையாளமாக இடுப்பில் கிழிந்த பாயைச் சுற்றிக்கொண்டு கொல்லைக் கொட்டகையில் அடுப்போடு கிடக்க வேண்டியதுதான். டோங்காவில் துக்க வீட்டில் அத்தை வைத்ததுதான் சட்டம்.

அந்தச் சட்டப்படி இரண்டு மணிக் கப்பலில் அப்பாவை வவாவு தீவுக்கு ஏற்றப் போகிறார்கள், தாத்தா பாட்டிக்குப் பக்கத்தில் புதைக்க. அப்பா கேட்டது அதையல்ல. ஏழு வயதில் காய்ச்சலில் போன செய்னியின் தம்பி செமிசி இந்த ஊர்க் கல்லறையில் இருக்கிறான். அவனுக்குப் பக்கத்தில் தன்னைப் போடச் சொன்னார். அம்மா ஒருநாளும் நாத்தனாரை எதிர்த்து வாய் திறந்ததில்லை. இன்றைக்கா திறக்கப் போகிறாள்?

"நீயே வாயால சொல்லிடேன் மதினி."

"சொல்லாமயா இருப்பேன்? 'படிச்சவதானே, எழுதிக் குடுக்கச் சொல்லு'ன்னு சொல்லிருச்சு. ஃபிஜிக்குப் போயி சுவாவுல மூணு வருஷமா சமூகவியல் படிக்கிற, ஒரு தாளு எழுத வரல?"

வரவில்லைதான். அந்த எரிச்சலோடு இரண்டாவது தாளை எடுத்தாள். வவாவுக்குக் கொண்டுபோக மூன்று காரணங்கள், இங்கேயே வைக்க மூன்று காரணங்கள். இரு தரப்பு நியாயங்களும் பரிசீலிக்கத்தக்கவை என்று முடித்தாள். கலோ போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"இவ எந்தப் பக்கம்னு கேக்குது. எனக்கும் புரியல."

"ரெண்டு பக்கமும் சொல்லணும் மதினி. அதான் முறை."

"கப்பல் ரெண்டு பக்கமும் போகாது. மணி பன்னெண்டரை ஆச்சு."

செய்னி கத்தியை வீசினாள். அது மண்ணில் குத்தி நின்றது. போன பருவத்தில் அவள் எழுதிய கட்டுரையும் இப்படித்தான் திரும்பி வந்தது. டோங்காவின் இழவுச் சடங்குகளைப் பற்றிப் பன்னிரண்டு பக்கம். ஓரமெல்லாம் பென்சிலால் ஆசிரியை ஒரே கேள்வியை எழுதியிருந்தார்: யார், யாரிடம், என்ன சொன்னார்? இந்த அம்மாவுக்கு வேறு வேலையில்லை என்று ஒரு மாதம் திட்டித் தீர்த்தாள். பன்னிரண்டு பக்கத்தில் ஒரு மனிதர்கூட இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது. தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

மூன்றாவது தாளை நின்றுகொண்டே எழுதினாள்.

'அத்தை, செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் அப்பா என்னிடம், "என்னைச் செமிசி பக்கத்துல போடுங்க, அவன் இருட்டுன்னா பயப்படுவான்" என்றார். அத்தையிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். "அக்காகூட நான் ஒரே அறையில உக்காந்ததில்ல. அது மரியாதை. இதுவரை அக்காகிட்ட எதுவும் கேட்டதுமில்ல, இனிமேயும் கேக்க மாட்டேன்" என்றார். அதனால் நான் கேட்கிறேன். அப்பாவைக் கப்பலில் ஏற்றாதீர்கள்.'

கலோ அதை அங்கேயே படித்தாள். எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

தாள் திரும்பி வரவில்லை. கலோவும் வரவில்லை. முன்னறையில் பாடிக்கொண்டிருந்தவர்கள் ஒரு பாட்டின் நடுவிலேயே நிறுத்தினார்கள். வாசலில் லாரியைக் கிளப்பும் சத்தம் கேட்டது. எல்லாம் போயிற்று என்று செய்னி நினைத்தாள்.

"எங்கடா கிளப்புறீங்க?" அத்தையின் குரல் தெருவரைக்கும் கேட்டது. "துறைமுகத்துக்குப் போகச் சொல்லி யாரு சொன்னா? மண்வெட்டிய ஏத்துங்க!"

யாரோ என்னவோ கேட்டார்கள்.

"இந்த ஊர்லதான். தோண்டுறதுக்கு முன்னால அந்தச் சின்னப் பய மேல இருக்கிற பூவையெல்லாம் எடுத்து ஓரமா வைங்க. ஒண்ணுகூடக் கசங்கக் கூடாது, சொல்லிட்டேன்!"

லாரி பின்னோக்கி நகர்ந்து, கல்லறைப் பக்கம் திரும்பியது.