தேசிகனின் பத்து நாள் மாதம்

1996 ஜூன் பத்தொன்பதாம் தேதி, கோவளத்துத் தனியார் பள்ளி ஒன்றின் கணக்கு ஆசிரியர் தேசிகன் கரும்பலகையில் ஒரு சமன்பாட்டைப் பாதி எழுதியபோது காணாமல் போனார். ஜூலை முதல் தேதி அதே இடத்தில் தோன்றி மீதியை எழுதினார். நடுவில் பன்னிரண்டு நாளும் சாக்பீஸ் அந்தரத்திலேயே நின்றது; காக்கை ஒன்று அதில் வந்து அலகைத் தீட்டிக்கொண்டு போனது. எவரும் பதறவில்லை. பத்தாம் வகுப்பில் எத்தனை சதவீதம் தேர்ச்சியோ அத்தனை சதவீதமே சம்பளம் என்று தாளாளர் சதாசிவம் அந்த மாதம்தான் விதி போட்டிருந்தார். கணக்கில் அறுபது சதவீதம். பதினெட்டு நாள் சம்பளம். சம்பளமில்லாத நாளில் தேசிகனின் உடம்பும் இல்லை, அவ்வளவுதான். பாடம் எடுக்க ஆளில்லாமல் தேர்ச்சி குறைய, தேர்ச்சி குறைந்ததால் நாள்கள் குறைய, 2000-இல் அவருடைய மாதம் பன்னிரண்டாம் தேதியோடு முடிந்தது. நூறு சதவீதம் காட்டிய அறிவியல் ஆசிரியர் முத்துசாமிக்கோ பிப்ரவரியிலும் முப்பது நாள்.

"இன்னா சார் நீங்க, தேறாத கேசையெல்லாம் ஒம்போதாவதுலயே டீசி குடுத்து அனுப்புங்க. முத்துசாமி சார் அதானே பண்றாரு?" என்று சதாசிவம் நீட்டிய பட்டியலில் முதல் பெயர் பவானி, மீனவக் குப்பத்துப் பெண். டீசி கொடுத்தால் மறுநாளே அவள் தலையில் மீன்கூடை ஏறிவிடும்.

தேசிகன் பட்டியலோடு திருக்கழுக்குன்றம் வீட்டுக்குப் போனார். அங்கே மனைவி காமுவுக்கு மாதம் முப்பது நாளும் வயது ஏறிக்கொண்டிருந்தது, அவருக்குப் பன்னிரண்டு நாள் மட்டும்; பஸ் கண்டக்டர் "உங்க அக்காவுக்கும் சேத்தா சார்?" என்று கேட்கத் தொடங்கியிருந்தார்.

"ஒரு கையெழுத்துதானே, போட்டுடுங்கோளேன். தனியாச் சாப்பிட்டு அலுத்துப்போச்சு" என்றாள் காமு.

"'நீங்க இருந்தா புரியுது சார், காணாம பூட்டா மறந்து பூடுது'ன்னு சொல்றா அந்தப் பொண்ணு. தப்பு அவ மேலயா?" என்றார் தேசிகன். கையெழுத்துப் போடவில்லை. காமு நாலு நாள் பேசவில்லை. அது அவருடைய மாதத்தில் மூன்றில் ஒரு பங்கு.

2001 மார்ச்சில் பவானி கணக்கில் தோற்றாள். அவருடைய மாதம் பத்து நாளாயிற்று. அக்டோபரில் மறுபடி எழுதி முப்பத்தேழு வாங்கினாள். அக்டோபர் தேர்ச்சி பள்ளியின் சதவீதத்தில் சேராது என்பதால் ஒரு நாள்கூடத் திரும்ப வரவில்லை.

நவம்பர் கடைசியில் மார்க் ஷீட்டோடு திருக்கழுக்குன்றம் வந்து "சார் கீறாரா மாமி?" என்றாள் பவானி. காமு அந்த முப்பத்தேழை விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஒண்ணாந்தேதி வா, நீயே காட்டு. தீபாவளிச் சாப்பாடு இங்கேதான்."

"தீபாவளி போய் பத்து நாளு ஆச்சே மாமி."

"எங்காத்துக்கு இன்னும் வரலைடி" என்று காமு முறுக்கு மாவைச் சலிக்கப் போனாள்.