ஒளிந்திருந்த நட்சத்திரம்

"நீ அளவைச் சொல்லு, நான் எடையைச் சொல்றேன். ரெண்டும் சேர்ந்தாத்தான் அது கல்லா, காத்தான்னு தெரியும்."

கல்யாணமான புதிதில் கணவன் சொன்னது. இருவரும் வானியல் ஆய்வாளர்கள். தூரத்துக் கோள் ஒன்று தன் நட்சத்திரத்தின் குறுக்கே போகையில் ஒளி குறைவதை வைத்து அவள் அளவு கண்டாள். நட்சத்திரம் தள்ளாடுவதை வைத்து அவன் எடை கண்டான். அந்தக் கோள் கல்தான் என்று ஆய்வுக்கட்டுரை எழுதிக் கொடுத்தார்கள்.

இப்போது அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் துரும்பாய் இளைத்துக் கிடந்தான்.

"ஏங்க, நம்ம நட்சத்திரத்துக்குப் பக்கத்துல இன்னொரு நட்சத்திரம் ஒளிஞ்சிருந்திருக்கு. அதோட வெளிச்சமும் கலந்ததால கோளைச் சின்னதா அளந்துட்டேன். அது பெரிசு, வெறும் காத்து. ஒரு மாசமா உங்ககிட்ட மறைச்சேன்."

"அடிப்பாவி! என் கல்லை ஊதித் தள்ளிட்டியே!" இருமலுக்கிடையே சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. பல நாளாய்க் கேட்கத் தயங்கியதைக் கேட்டுவிட்டாள்.

"டாக்டர் உங்ககிட்ட தனியா என்ன சொன்னாரு? நீங்களும் மறைக்காம சொல்லிடுங்க."