தோண்டி எடுக்க ஒரு விண்ணப்பம்

ஐந்தே முக்காலுக்கு அலாரம் அடிக்கும். அவன் எழுந்து போர்வையை மடிப்பான். பல் தேய்ப்பான். ஒரு டம்ளர் பால் காய்ச்சுவான். பொங்கும் வரை அடுப்பின் முன்னாலேயே நிற்பான். குளித்துவிட்டு, முந்தின நாள் இஸ்திரி போட்டு வைத்த சட்டையை மாட்டுவான். ஏழு இருபதுக்கு பஸ். எட்டு மணிக்குச் சுகாதார அலுவலகத்தின் மூன்றாவது ஜன்னலைத் திறந்து, மேசையைத் துடைத்து, ரப்பர் முத்திரையில் தேதியை ஒரு பல் நகர்த்துவான். அதன் பிறகு ஊரில் யார் செத்தாலும் அவனிடம்தான் வர வேண்டும்.

மூன்றாவது ஜன்னலில் சடலத்தைக் கொண்டுபோக அனுமதி கொடுப்பார்கள். ஊருக்குள் புதைப்பதென்றால் வெள்ளைத் தாள். ஊர் எல்லை தாண்டுவதென்றால் மஞ்சள் தாள். மரப்பெட்டி, உள்ளே துத்தநாகத் தகடு, ஓரமெல்லாம் ஈயம் வைத்துப் பற்றவைத்திருக்க வேண்டும். தொற்றுநோயில் போனவர்களுக்கும் அதே தகட்டுப் பெட்டிதான், ஆனால் மஞ்சள் தாள் கிடையாது. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள், அதே ஊரில், ஆறடி ஆழத்தில், பெட்டியைத் திறக்காமல் புதைத்துவிட வேண்டும். பன்னிரண்டு மாதம் கழிந்த பின் உறவினர் விரும்பினால் தோண்டி எடுத்து வேறு ஊருக்குக் கொண்டுபோகலாம். அதற்கு நீலத் தாள். வருஷத்துக்கு இரண்டு பேர் நீலத் தாள் கேட்டு வந்தால் அதிகம்.

தொற்றுநோயில் போன தன் மனைவிக்கான வெள்ளைத் தாளை அவனேதான் எழுதினான். எழுத்து கோணவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை டோக்கன் பதினொன்றைக் கூப்பிட்டபோது, பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவர் அவனுடைய மாமனார்.

"மாமா? எப்ப வந்தீங்க? வீட்டுக்கு வந்திருக்கலாமே."

"நேரா பஸ் ஸ்டாண்டுலருந்து வர்றேன் மாப்ள. ஆபீஸ் வேல ஆபீஸ்லயே நடக்கட்டும்." பிளாஸ்டிக் உறையிலிருந்து நீலத் தாளை உருவினார். ஏற்கெனவே நிரப்பியிருந்தார். "பதிமூணு மாசம் ஆச்சு. ரூல்படி பன்னெண்டு போதும்னு நீங்கதான சொன்னீங்க? நம்ம ஊர்ல இடம் பாத்து வச்சுட்டேன். அவ அம்மாவுக்குப் பக்கத்துலயே."

அவன் மேலிருந்து படித்துக்கொண்டு வந்தான். வயது இருபத்தெட்டு. குழி எண் நூற்றுப் பதினான்கு. ஏழாவது கட்டம், காரணம். பள்ளிக்கூடத்துப் பையன் எழுதியதுபோல உருண்டையான எழுத்து: 'அப்பாவிடம் போக வேண்டும் என்பது என் மகளின் கடைசி வார்த்தை. சாட்சி, கணவர்.' கீழே அவன் கையெழுத்துக்காக ஒரு கோடு.

அவன் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இறந்தவரைப் பற்றி ஜன்னலுக்கு வருகிறவர்களிடம் அவன் எதையாவது சொல்வது வழக்கம். கஷ்டப்பட்டிருக்க மாட்டாங்க. கடைசியா உங்களத்தான் நெனச்சிருப்பாங்க. செத்தவர் யாரையும் அவன் பார்த்தது கிடையாது. தேதி முத்திரையைப் போல அதுவும் தன்னால் விழும். அழுகிறவர்கள் கொஞ்சம் அடங்குவார்கள், வரிசை நகரும். அவள் போன அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று மாமனாருக்கு போன் செய்தான். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அந்த மௌனம் தாங்காமல் வாய் தன் வேலையைச் செய்துவிட்டது: "அப்பாகிட்ட போகணும்னு சொன்னா மாமா."

அவள் அப்படிச் சொல்லவில்லை.

முதல் சில வாரங்கள் அது தொந்தரவு செய்யவில்லை. பிறகு பால் காய்கிற நேரத்தில் சமையலறை வாசலில் அவள் வந்து நிற்க ஆரம்பித்தாள். திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. திரும்பாவிட்டால் பேசினாள். 'அப்பாகிட்ட போகணும்.' அவளுடைய குரலேதான், சளி கட்டிய அந்தக் கரகரப்பு உட்பட. அவன் சொன்ன பொய்யை அவள் வாங்கி வைத்துக்கொண்டு அவனிடமே திருப்பிச் சொன்னாள். நாளாக ஆக, அவள் நிஜமாகச் சொன்னதை நினைவுக்குக் கொண்டுவர அவன் சிரமப்பட வேண்டியிருந்தது. இந்தக் கோட்டில் கையெழுத்துப் போட்டால் அதுவும் போய்விடும்.

"என்ன சார், நீலத் தாளா?" இடுகாட்டு மேஸ்திரி குழிச் சீட்டுகளோடு உள்ளே வந்தான். ஆறடிக்கு ஒரு விரற்கடை குறைந்தாலும் மறுபடி தோண்டச் சொல்வான் என்பதால் அவனுக்கு ஆறடி என்று பெயர். ஆள் என்னவோ ஐந்தடிகூட இல்லை. "யாரு அந்த மகராசன்? என் இடுப்ப ஒடிக்கணும்னே கெளம்பி வர்றாங்கப்பா." குழி எண்ணைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

"நான்தான்பா," என்றார் மாமனார். "பெட்டி மாத்துறப்ப முகம் பாக்க விடுவீங்கள்ல?"

ஆறடி இவனைப் பார்த்தான்.

"பாத்தே ஆகணும் பெரியவரே. சொந்தக்காரர் ஒருத்தர் மூஞ்சியப் பாத்து, ஆமா இவங்கதான்னு சொல்லணும். ஆனா..." சீட்டுகளை அடுக்குவதுபோல மேசையில் தட்டினான். "வெறும் மண்ணுன்னா மண்ணு பாத்துக்கும். தகட்டுக்குள்ள இருந்தா அது வேற மாதிரி. நெனச்சுட்டு வர்ற முகமா இருக்காது. யோசிச்சுக்கங்க." சீட்டுகளை அப்படியே வைத்துவிட்டுப் போனான்.

"அவன் கெடக்கான்," என்றார் மாமனார். "நான் பஸ் புடிச்சு வந்து சேர்றதுக்குள்ள மூடிட்டீங்க மாப்ள. உங்களக் குத்தம் சொல்லல, ரூலு. ஆனா எம்பொண்ணு என்னத் தேடிருக்கா. நான் போகல. ஒரு தடவ பாத்துட்டேன்னா எனக்குத் தூக்கம் வரும். போடுங்க கையெழுத்த."

அவன் பேனாவைத் திறந்தான். ஏழாவது கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தான்.

"என்ன பண்றீங்க?"

"அவ அப்படிச் சொல்லல மாமா."

மாமனாருக்குப் புரியவில்லை. கிறுக்கிய இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"நீங்கதான சொன்னீங்க? போன்ல?"

"ஆமா. இந்த ஜன்னல்ல எல்லார்கிட்டயும் ஏதாவது சொல்லுவேன். அன்னைக்கு உங்ககிட்டயும் சொல்லிட்டேன்."

"எல்லார்கிட்டயுமா?" மாமனாரின் குரல் உயரவில்லை. "பதிமூணு மாசமா அத வச்சுத்தானய்யா படுத்து எந்திரிக்கிறேன். தெருவுல பாக்கறவன்கிட்டல்லாம் சொல்லியிருக்கேன்."

டோக்கன் பன்னிரண்டைக் கூப்பிட்டார்கள். அந்த ஆள் எழுந்து, இவர்களைப் பார்த்துவிட்டு, மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

அவன் புதிதாக ஒரு நீலத் தாளை எடுத்து முன்னால் வைத்தான். "நீங்க அவளப் பாக்கணும்னு ஆசப்படறீங்கன்னு எழுதுங்க மாமா. அது உண்ம. நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். அவ கேட்டான்னு மட்டும் எழுத வேணாம்."

மாமனார் பேனாவை வாங்கினார். பெயர் எழுதும் கட்டத்தில் முதல் எழுத்தைப் போட்டார். பிறகு இரண்டு தாள்களையும் சேர்த்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

"அவளுக்குத் தோணாதத நான் எதுக்குப் பண்ணணும்? இருக்கட்டும், இங்கயே இருக்கட்டும்." கிளம்பத் திரும்பியவர் மறுபடி வந்து ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அப்ப என்னதான் சொன்னா?"

அவன் பேனாவை மூடினான். அன்றைக்கு, ஆஸ்பத்திரி வார்டு கதவு. பாதி திறந்து பிடித்தபடி அவன் நிற்கிறான், மருந்து வாங்கப் போகலாமா வேண்டாமா என்று. வராந்தா டியூப்லைட் அவள் கட்டில் வரைக்கும் நீள்கிறது. அவள் கண்ணைத் திறக்காமலே முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்புகிறாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். இதை இதுவரை யாரும் அவனிடம் கேட்டதில்லை.

"கதவச் சாத்துப்பா, வெளிச்சம் கண்ணக் குத்துது."